கிணற்றடி மோட்டர் ஓடும்போது தொலைக்காட்சிப் படம் ஏன் அசைகிறது?

கேள்வி: ஐயா, நான் மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் வசிக்கும் சங்கீத ஆசிரியை. எங்களுடையது மீள்குடியேற்றத்தின்பின் கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. பின்னர் பின்புறத்தில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியபோது, கிணற்றடியில் ஒரு குதிரைவலு மோட்டரும் பூட்டினோம். அன்றிலிருந்து, மோட்டர் ஓடும் நேரத்தில் மண்டபத்திலுள்ள பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் படம் மெல்ல இடமும் வலமும் அசைகிறது. பின்னறையில் மாணவர்களுக்குரிய பாடங்களைக் கணினியில் ஒலிப்பதிவு செய்யும்போது ‘ம்ம்’ என்ற இரைச்சல் சேர்கிறது. அப்பாவின் செவிப்புலன் கருவியும் சில வேளைகளில் இரைகிறது. வீட்டு வயர்களின் காந்தம்தான் காரணம், சுவரில் அலுமினியத் தாள் ஒட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் போகும் உயரழுத்த மின்கம்பிகளைக் குறை சொல்கிறார். இடம்பெயர்வுகளுக்குள்ளும் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒலிநாடாக்களும், பதிவுகள் உள்ள கணினியும் பழுதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீடு முழுவதும் வயரிங்கை மாற்ற வேண்டுமா?

பதில்: வீடு முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது, பிழை பெரும்பாலும் ஒரேயொரு வயரில் இருக்கிறது. மெயின் போர்ட்டிலிருந்து மோட்டருக்கு ஒரு வழியாகப் போகும் மின்னோட்டம், திரும்பி வரும்போது வேறொரு வழியாக வருகிறது என்பதே என் கணிப்பு. படம் அசைவதும் இரைச்சல் சேர்வதும் அதன் சிறிய விளைவுகள். அதே பிழை, வயரிங்கில் கைவைப்பவரின் உயிருக்கும் ஆபத்தானது என்பதால், இதைத் தொலைக்காட்சியின் கோளாறு என்று விட்டுவிடாமல் கடைசிவரை தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், காந்தம்தான் காரணம் என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மோட்டரை ஓடவிட்டு, தொலைக்காட்சியை இப்போதுள்ள அதே பிளக் பொயின்ரிலேயே ஒரு நீண்ட எக்ஸ்ரென்ஷன் வயர் மூலம் இணைத்து, விறாந்தைக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோய் வையுங்கள். மின்சாரம் அதே பொயின்ரிலிருந்துதான் வருகிறது. மாறியது இடம் மட்டுமே. அங்கே படம் அசையாமல் நின்றால், தொல்லை மின்சாரத்தோடு வயர் வழியாக வரவில்லை, காற்றினூடாகக் காந்தப் புலமாக வருகிறது என்பது தெளிவாகிவிடும். வெளியிலும் அதே அளவுக்கு அசைந்தால், மோட்டர் இழுக்கும்போது மின்னழுத்தம் குறைவது போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். பெட்டியை மண்டபத்தில் பழைய இடத்திலேயே வைத்துக் கால்வட்டம் திருப்பியும் பாருங்கள். அசைவு கூடினாலோ குறைந்தாலோ அதுவும் காந்தப் புலத்தின் அடையாளமே, ஏனென்றால் புலத்துக்குத் திசை உண்டு.

மின்னோட்டம் செல்லும் ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் காந்தப் புலம் உண்டாகிறது. தனிக் கம்பியொன்றில் 1 அம்பியர் ஓடினால், 1 மீற்றர் தொலைவில் உண்டாகும் புலம் 0.2 மைக்ரோ தெஸ்லா (தெஸ்லா என்பது காந்தப் புலத்தை அளக்கும் அலகு). ஒரு குதிரைவலு மோட்டர் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 5 அல்லது 6 அம்பியர் எடுக்கும். ஆகவே அதன் வயர் தனியாகச் சுவரில் போனால், ஒரு மீற்றர் தள்ளி ஏறத்தாழ 1 மைக்ரோ தெஸ்லாவும், அரை மீற்றரில் அதன் இரு மடங்கும் இருக்கும். இலங்கையில் பூமியின் இயற்கைக் காந்தப் புலமே ஏறத்தாழ 40 மைக்ரோ தெஸ்லா என்பதால் இது மிகச் சிறிய அளவுதான். ஆனால் பூமியின் புலம் மாறாமல் நிற்கிறது. வயரின் புலமோ செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக மாறுகிறது. கருவிகளைத் தொல்லைப்படுத்துவது அந்த மாற்றம்தான்.

இப்போது, போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒரே குழாய்க்குள் ஒட்டியபடி கொண்டுபோனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு மின்னோட்டம் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகிறது. ஆகவே இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. வயர்களின் மையங்களுக்கிடையே 5 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், ஒரு மீற்றர் தொலைவில் மிஞ்சுவது தனிக்கம்பியின் புலத்தில் இருநூறில் ஒரு பங்குதான். அது தூரம் கூடக்கூட மேலும் வேகமாகக் குறையும். ஒழுங்காக வயரிங் செய்யப்பட்ட வீட்டில் எத்தனை மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடினாலும் தொலைக்காட்சிக்குத் தொல்லை வராததற்கு இதுவே காரணம். பிரிந்து போகும் இரண்டு வயர்களோ ஓர் அறையையே சுற்றி வளைத்துக்கொண்டு, அந்த அறையின் நடுப்பகுதியிலும் புலத்தை நிரப்பிவிடுகின்றன.

பின்னறையும் மோட்டரும் ஒரே காலத்தில் சேர்க்கப்பட்டன என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது. வன்னியில் வீட்டுத்திட்ட வீடுகளுக்குப் பின்னால் அறையோ குசினியோ சேர்க்கும்போது, வயர்ச் செலவைக் குறைப்பதற்காக ஒரு குறுக்குவழி கையாளப்படுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். மோட்டருக்கு மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் லைவ் வயரை மட்டும் மெயின் போர்ட்டிலிருந்து ஒரு சுவர் வழியாகப் புதிதாக இழுத்துவிட்டு, அதைத் திருப்பிக் கொண்டுவரும் நியூட்ரலைப் பின்னறையில் ஏற்கெனவே உள்ள பிளக் பொயின்ரிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மோட்டர் நன்றாகவே ஓடும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் மின்சாரத்தை நிறுத்துவதற்காக மெயின் போர்ட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச்சும் விழாது, ஏனென்றால் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் எப்படியோ அந்த ஒரே ட்ரிப் சுவிட்ச்சினூடாகத்தான் கடந்து, கணக்குச் சரியாகிவிடுகிறது. பிழை வெளியே தெரிவதில்லை. உங்கள் வீட்டில் அதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பழைய தொலைக்காட்சிதான்.

படக்குழாய்க்குள் படத்தை வரைவது ஓர் இலத்திரன் கற்றை. காந்தப் புலம் அதை நேரடியாக வளைத்துவிடும். ஒரு மைக்ரோ தெஸ்லா அளவிலேயே அசைவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் படம் செக்கனுக்கு 50 தடவை வரையப்படுகிறது; மின்சாரத்தின் அதிர்வெண்ணும் 50. இரண்டும் மிகக் கிட்டவாக இருந்தும் முற்றிலும் ஒன்றாக இல்லாததால், படம் படபடவென நடுங்காமல், நீங்கள் எழுதியது போல மெல்ல மெல்ல அசைகிறது. எல்.சி.டி அல்லது எல்.ஈ.டி தொலைக்காட்சியில் இலத்திரன் கற்றை இல்லை. அதை வாங்கி வைத்தால் அசைவு மறைந்துவிடும். ஆனால் வயரின் பிழை அப்படியே இருக்கும் என்பதால், திருத்தம் முடியும்வரை பழைய பெட்டியை மாற்ற வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

பிழையை உறுதிசெய்வதற்கு மின்னிணைப்பாளர் ஒருவரை அழையுங்கள். அவரிடம் கிளாம்ப் மீற்றர் இருக்க வேண்டும். இது வயரை வெட்டாமல், அதன் வாயை வயரைச் சுற்றி மூடி மின்னோட்டத்தை அளக்கும் கருவி. மெயின் போர்ட்டின் மூடியைக் கழற்றுவது அவருடைய வேலை. நீங்கள் அதில் கைவைக்கக் கூடாது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிடுங்கள். மோட்டரின் லைவ் வயரை மட்டும் மீற்றரின் வாய்க்குள் விட்டால் 5 அல்லது 6 அம்பியர் காட்டும், அது சரி. அடுத்து, பின்னறைப் பிளக் பொயின்ருக்குப் போகும் லைவையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து அதே வாய்க்குள் விடச் சொல்லுங்கள். பின்னறையில் எதுவும் ஓடாத நேரத்தில் அங்கே பூச்சியம் காட்ட வேண்டும். எதாவது ஓடினாலும், இரண்டு வயர்களும் சேர்ந்திருப்பதால் பூச்சியத்தையே காட்ட வேண்டும். அதற்கு மாறாக அங்கும் 5 அம்பியர் காட்டினால், மோட்டரின் நியூட்ரல் அந்த வழியாகத் திரும்புகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மீற்றரின் எண்ணை நீங்களும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கவும் இடமுண்டு. அதையும் அதே வேளையில் பார்த்துவிட வேண்டும். சில இடங்களில் கிணற்றடிக்கு நியூட்ரல் கொண்டுபோகாமல், நிலத்தில் அடித்த எர்த் கம்பியையே நியூட்ரலாகப் பயன்படுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ட்ரிப் சுவிட்ச் உடனே விழும். விழாமலிருக்க அதையும் தாண்டி நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். ஈரமான கிணற்றடியில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு இது மரணப் பொறி. உங்கள் ட்ரிப் சுவிட்ச்சில் சோதிப்பதற்கென்று ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வீடு முழுவதும் மின்சாரம் நிற்க வேண்டும். கிணற்றடி மோட்டரும் நிற்க வேண்டும். மோட்டர் மட்டும் தொடர்ந்து ஓடினால், அதை மீண்டும் பயன்படுத்தாமல் அன்றைக்கே ஆளை அழையுங்கள்.

பின்னறையிலிருந்து மோட்டருக்கு எடுத்துக் கொடுத்த நியூட்ரலும் ஆபத்தற்றதல்ல. பின்னறைக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தும் பிரேக்கரை விழுத்திவிட்டு, அங்கே மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் ஒருவர் பிளக் பொயின்ரைக் கழற்றி நியூட்ரல் வயரைப் பிரித்தால், மோட்டர் இணைப்பில் இருக்கும்போது அந்த வயரின் நுனியில் 230 வோல்ற் நிற்கும். தொழில் தெரிந்தவர்களும் இதில் அடிவாங்குகிறார்கள். அவர்கள் நிறுத்தியது சரியான பிரேக்கர்தான் என்பதே இதில் கொடுமை.

திருத்தம் எளிது. மெயின் போர்ட்டிலிருந்து மோட்டருக்குத் தனியான பிரேக்கர் ஒன்று வைத்து, அங்கிருந்து லைவ், நியூட்ரல், எர்த் ஆகிய மூன்று வயர்களையும் ஒரே குழாய்க்குள் ஒரே வழியாகக் கிணற்றடிவரை கொண்டுபோக வேண்டும். கடையில் 7/0.67 என்று விற்கப்படும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், வீட்டிலிருந்து முப்பது மீற்றருக்குள் இருக்கும் கிணற்றுக்கு ஒரு குதிரைவலு மோட்டரைப் பொறுத்தவரை போதும். அந்தத் தூரத்தில் இழக்கப்படும் மின்னழுத்தம் 3 அல்லது 4 வோல்ற்றுக்கு மேல் போகாது. பின்னறைப் பிளக் பொயின்ரிலிருந்து எடுத்த பழைய நியூட்ரலை வெறுமனே வெட்டிவிட்டுச் சுவருக்குள் விடாமல், முழுவதுமாகக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். இரும்புக் குழாய் பயன்படுத்துவதானால், லைவை ஒரு குழாயிலும் நியூட்ரலை இன்னொரு குழாயிலும் விடுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். புலம் குறையாததோடு குழாயும் சூடேறும். சூரியப் படலும் இன்வேர்ட்டரும் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இதே விதிதான். 12 வோல்ற் பற்றரியிலிருந்து 600 வாற் எடுக்கும்போது அந்தத் தடித்த வயர்களில் 50 அம்பியர் ஓடுகிறது. சிவப்பையும் கறுப்பையும் அகல விரித்து வைக்காமல் நெடுகச் சேர்த்துக் கட்டுங்கள்.

உங்கள் ஒலிப்பதிவில் சேரும் இரைச்சலுக்கு மோட்டர் வயர் ஒரு பாதிக் காரணம். மறு பாதி உங்கள் மேசையிலேயே இருக்கக்கூடும். 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த தூண்டல் விதி இங்கே நேரடியாக வேலை செய்கிறது: மாறும் காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பி வளையம் இருந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும், வளையம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூடுதலாகப் பிறக்கும். கணினியை ஒரு சுவரிலுள்ள பிளக்கிலும், சுருதிப் பெட்டியையும் அம்பிளிபயரையும் எதிர்ச் சுவரிலுள்ள பிளக்கிலும் போட்டு, இரண்டையும் ஒலி வயரால் இணைத்தால், அந்த ஒலி வயரும் இரண்டு பிளக்குகளின் எர்த் வயர்களும் சேர்ந்து அறையளவு வளையமாகிவிடுகின்றன. அந்த வளையத்தின் பரப்பு 4 சதுர மீற்றரும் புலம் 1 மைக்ரோ தெஸ்லாவும் என்றால், பிறக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ற்றைத் தாண்டும். ஒலிவாங்கியிலிருந்து வரும் உங்கள் குரலின் அளவே சில மில்லிவோல்ற்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இரைச்சல் ஏன் அவ்வளவு உரத்துக் கேட்கிறது என்பது விளங்கும்.

ஆகவே ஒலிப்பதிவுக்குரிய எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பொயின்ரிலிருந்து, எர்த் உள்ள ஒரே மல்ரி பிளக் மூலம் இயக்குங்கள். ஒலி வயர்களையும் அந்தக் கருவிகளின் மின்வயர்களையும் அறையின் ஒரே பக்கத்தால் கொண்டுபோங்கள். ஆனால் இரண்டையும் ஒட்டிப் பின்னாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். மிஞ்சிய வயரை வட்டமாகச் சுருட்டி மேசைக்கடியில் போடுவது பலருக்கும் உள்ள பழக்கம். அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியின் வயர் கிடக்கக் கூடாது. உங்களுடையது மடிக்கணினி என்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஒரு தடவை பதிவுசெய்து பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் எர்த் வளையம்தான் காரணம். அதற்காகப் பிளக்கின் எர்த் காலை உடைத்துவிடுமாறு ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். இரைச்சல் போகும், கூடவே கருவியின் இரும்பு உடலுக்குள்ள பாதுகாப்பும் போய்விடும். அம்பிளிபயருக்கென்று முற்றத்தில் தனியாக இன்னொரு எர்த் கம்பி அடிப்பதும் அதே வகையான தவறுதான். அதற்குரிய காரணத்தை மின்னலைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

அப்பாவின் செவிப்புலன் கருவியைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல செவிப்புலன் கருவிகளில், தொலைபேசியின் ஒலியைக் காந்தப் புலமாகவே வாங்குவதற்குச் சிறிய கம்பிச்சுருள் ஒன்று உண்டு. கருவியின் ஆளி அந்த நிலையில் இருக்கும்போது அது வீட்டு வயர்களின் புலத்தையும் வாங்கி இரைச்சலாகத் தரும்; சாதாரண நிலைக்கு மாற்றினால் இரைச்சல் நின்றுவிடும். எந்த நிலையில் இரைகிறது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சுருள் நிலையிலேயே இரைகிறது என்றால், உங்கள் வீட்டில் வயர் எங்கே போகிறது என்று தேடுவதற்கு அதைவிட நல்ல கருவி கிடைக்காது. மோட்டர் ஓடும்போது அப்பா அறையின் நடுவில் நின்றும், பிறகு ஒவ்வொரு சுவரை ஒட்டியும் நடந்து பார்க்கட்டும். சுவரிலிருந்து ஓர் எட்டு விலகியதும் இரைச்சல் அடங்கிவிட்டால் அது சாதாரண வயர்ச்சோடி அல்லது ஒரு சார்ஜர். அறையின் நடுவிலும் குறையாமல் கேட்டுக்கொண்டேயிருந்தால், அந்த அறையைச் சுற்றி வயர்கள் பிரிந்து போகின்றன. மின்னிணைப்பாளர் வரும் நாளில் இந்தத் தகவலை அவரிடம் சொன்னால், சுவரை எங்கே உடைப்பது என்று அவர் தடுமாற வேண்டியிருக்காது.

அலுமினியத் தாள் ஒட்டுவதில் பயனில்லை. 50 ஹேர்ட்ஸ் காந்தப் புலத்தை அலுமினியத்தால் தணிக்க வேண்டுமானால் தகட்டின் தடிப்பு சென்ரிமீற்றர் கணக்கில் இருக்க வேண்டும். குசினியில் பயன்படுத்தும் தாள் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்பும் இல்லாதது. அந்தத் தாள் மறைப்பது மின்புலத்தை மட்டும்தான், அதுவும் எர்த்துடன் இணைத்தால் மட்டுமே. எர்த் இல்லாமல் சுவரில் ஒட்டிய தாள், பழுதான வயரொன்றில் பட்டால் சுவர் முழுவதும் மின் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். காந்தப் புலத்தைத் திசைதிருப்பக்கூடிய சிறப்பு உலோகக் கலவைகள் இருக்கின்றன. விலை கூடியவை, வீட்டுக்குத் தேவையற்றவை. வயரில் கோத்துவிடும் கறுப்பு நிறப் பெரைற் வளையங்கள் உயர் அதிர்வெண் இரைச்சலுக்கே உதவும். மத்திய அலையில் திருச்சி வானொலியைக் கேட்கும்போது மலிவான எல்.ஈ.டி குமிழோ சார்ஜரோ கிளப்பும் ‘சரசர’ ஒலி அந்த வகை. உங்களுடைய ‘ம்ம்’ அந்த வகையல்ல.

உயரழுத்த மின்கம்பிகளின் மேலுள்ள சந்தேகத்தையும் விட்டுவிடலாம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகத்துக்குப் போகும் 132 கிலோவோல்ற் வழியில் மூன்று கட்டங்களின் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று பெருமளவுக்குச் சமன்செய்துகொள்கின்றன. அரைக் கிலோமீற்றர் தள்ளி மிஞ்சுவது, உங்கள் சுவருக்குள் பிழையாகப் போகும் ஒற்றை வயரின் புலத்துக்குக் கிட்டவும் வராது. உங்கள் மோட்டரை நிறுத்தினால் படத்தின் அசைவு நின்றுவிடுகிறது என்பதே இதற்குப் போதிய பதில்.

ஒலிநாடாக்கள் அழியுமா என்ற பயம் எனக்கு விளங்குகிறது. வன்னியில் பல வீடுகளில் வேறெதுவும் மிஞ்சாதபோது ஒரு பையில் மிஞ்சியவை அவைதான். வயரிங்கின் புலம் அவற்றை ஒன்றும் செய்யாது. நாடாவில் பதிந்துள்ளதைக் குலைக்க, வயரின் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிய புலம் வேண்டும். கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். பென் டிரைவும் மெமரி கார்ட்டும் காந்தத்தால் பதிவதே இல்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியின் மேலோ அதன் பின்புறக் காந்தத்தை ஒட்டியோ நாடாக்களை அடுக்கி வைக்காதீர்கள். அந்த நிலைக்காந்தம் மட்டும் உண்மையில் கெடுதல் செய்யக்கூடியது. படக்குழாய்த் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் திரையின் ஓரத்தில் நிறம் திட்டுத்திட்டாக மாறுவதும் அதனால்தான். நாடாக்களின் உண்மையான எதிரிகள் தகரக் கூரையின் கீழுள்ள வெக்கையும் மாரிகாலத்து ஈரமும் பூஞ்சணமும். ஒலிப்பதிவு செய்ய உங்களுக்கே தெரிந்திருப்பதால், இரைச்சல் சரியானதும் முதல் வேலையாக அவற்றைக் கணினியில் பதிந்து, இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள்.

வீட்டு வயரிங்கின் வளையங்கள் கருவிகளை உண்மையாகவே அழிக்கும் நேரம் ஒன்று உண்டு; அது மின்னல் நேரம். வீட்டில் விழ வேண்டியதில்லை. நூறு மீற்றர் தள்ளி நிற்கும் பனையில் 30,000 அம்பியர் மின்னல் விழுந்தால், உங்கள் வீட்டில் ஏறத்தாழ 60 மைக்ரோ தெஸ்லா புலம் ஒரு கணம் தோன்றும். அது பூமியின் புலத்தைவிடச் சற்றே கூடியது, அவ்வளவுதான். ஆனால் தோன்ற எடுக்கும் நேரம் மைக்ரோ செக்கன் அளவு. ஒரு மைக்ரோ செக்கனில் தோன்றினால், 10 சதுர மீற்றர் பரப்புள்ள வளையமொன்றில் 600 வோல்ற் பிறக்கும். அந்த வளையம் எது? டிஷ் அன்ரனாவின் வயர் கூரையிலிருந்து ஒரு சுவரால் இறங்குகிறது, மின்வயர் எதிர்ச் சுவரால் வருகிறது, இரண்டும் சந்திக்கும் இடம் உங்கள் தொலைக்காட்சி. மின்னலுக்குப் பிறகு பெட்டிக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் படம் வரவில்லை என்று திருத்தகங்களுக்கு வருபவற்றில் பல இப்படி அடிவாங்கியவை.

ஆகவே சுவரை உடைக்கும் அதே வேளையில் டிஷ் வயரையும், இருந்தால் தொலைபேசி வயரையும், மெயின் போர்ட்டுக்குக் கிட்ட வீட்டுக்குள் எடுத்து, அங்கிருந்து மின்வயர் போகும் பக்கத்தாலேயே தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். டிஷ் தாங்கியின் எர்த்தும் வீட்டின் எர்த்தும் தடித்த செப்பு வயரால் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். நிலத்தில் இரண்டு இடங்களில் தனித்தனியாக அடித்த எர்த் கம்பிகளுக்கிடையே மின்னலின்போது ஆயிரக்கணக்கான வோல்ற் வேறுபாடு வரக்கூடும். அந்த வேறுபாடு கருவியினூடாகத்தான் பாயும். அம்பிளிபயருக்குத் தனி எர்த் வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். மெயின் போர்ட்டில், திடீரென எழும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றையும் பூட்டலாம். ஆனால் அதிலிருந்து எர்த்துக்குப் போகும் வயர் அரை மீற்றருக்குள் அடங்க வேண்டும், சுற்றி வளைத்து நீண்டு போனால் தடுப்பான் இருந்தும் இல்லாததுதான். இவை எல்லாம் இருந்தாலும், இடி முழக்கம் கேட்டவுடன் மின் பிளக்கையும் டிஷ் வயரையும் இரண்டையுமே கழற்றிவிடுவதுபோல வேறு பாதுகாப்பு இல்லை. பிளக்கை மட்டும் கழற்றி டிஷ் வயரை விட்டுவைப்பதுதான் நம்மவர்கள் வழமையாகச் செய்வது. இனி அப்படிச் செய்ய வேண்டாம்.

நம் பகுதியில் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில்தான் பின்னேர இடிமழை கூடுதலாக வரும். வேலையை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னிணைப்பாளரை அழைத்து, கூலி பேசும்போதே இரண்டு விடயங்களைச் சொல்லிவிடுங்கள். மோட்டருக்குரிய மூன்று வயர்களும் ஒரே குழாயில் போக வேண்டும் என்பது ஒன்று. சுவரைப் பூசுவதற்கு முன், மோட்டர் ஓடும்போது அதன் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்த கிளாம்ப் மீற்றரில் பூச்சியத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்பது மற்றது. அந்த எண் பூச்சியமாகும்வரை மேசனைச் சீமெந்து குழைக்க விடாதீர்கள்.